கூடவே வந்த அறை

லிஃப்ட் மெக்கானிக் தன் வாடகை வீட்டைக் காலி செய்த ஞாயிற்றுக்கிழமை காலையில், அந்த வீட்டின் பின்பக்க அறையும் கிளம்பி லாரிக்குப் பின்னால் வந்துவிட்டது. பத்துக்குப் பன்னிரண்டு அறை. பச்சை அடித்த ஒரு ஜன்னல், ஒரு மின்விசிறி, ஒரு இரும்புக் கட்டில், அவ்வளவுதான். கனமான பீரோவைத் தரையோடு இழுக்கிற சத்தத்தோடு அது தெருவில் இறங்கியது. முனையில் நின்ற போக்குவரத்துக் காவலர் இடது பக்கமாக ஒதுங்கிப் போகச் சொல்லிக் கை காட்டினார், அதுவும் ஒதுங்கியது. லாரி டிரைவர்தான் கண்ணாடியில் அடிக்கடி பார்த்துக்கொண்டு, பின்னால் நீட்டிக்கொண்டு வரும் சாமானுக்குச் சிவப்புத் துணி கட்ட வேண்டும், இல்லையென்றால் தன்னைத்தான் பிடிப்பார்கள் என்று முணுமுணுத்தார். அறை நீட்டிக்கொண்டு வரவில்லை, தானாக நடந்துதான் வருகிறது என்று மெக்கானிக் எடுத்துச் சொன்ன பிறகும் அவருக்கு மனசு ஆறவில்லை.

எல்லாம் நாய்களால் வந்தது. பல வருடங்களுக்கு முன்பு ஒரு பழைய கட்டடத்தில் லிஃப்ட் கெட்டுப்போய்க் கேட்பாரற்று நின்றபோது, அதன் அடிக்குழியில் ஒரு தெருநாய் குட்டி போட்டது. பழுது பார்க்கப் போனவர் டார்ச் அடித்துப் பார்த்தார். தாய் செத்துக்கிடந்தது, நாலு குட்டிகளுக்கு உயிர் இருந்தது. பையிலிருந்த ஸ்பேனர்களைத் தரையில் கொட்டிவிட்டு, அதில் குட்டிகளைப் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தார். அவர் மனைவி லிஃப்டின் பொத்தான்களை வைத்தே அவற்றுக்குப் பெயர் சூட்டினாள்: கிரவுண்டு, ஃபஸ்ட்டு, செகண்டு, தேர்டு. நாலும் ஒரே பழுப்பு, ஒரே உயரம், ஒரே மூக்கு. கிரவுண்டுக்கு மட்டும் பின்னங்கால் கொஞ்சம் நொண்டும். அப்புறம் அவளுக்கு உடம்புக்கு முடியாமல் போனது. பின்பக்க அறையில் இரும்புக் கட்டிலைப் போட்டு, சுவரில் ஆணி அடித்து சலைன் பாட்டிலைத் தொங்கவிட்டார்கள். நாய்கள் கட்டிலுக்கு அடியிலேயே கிடந்தன. அவள் இறந்த பிறகு மெக்கானிக் அந்த அறைக்குள் கால் வைக்கவில்லை. அவள் பெயரையும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய இடத்தில் இருமிவிட்டு அடுத்த வார்த்தைக்குப் போய்விடுவார். மகளைப் பார்த்துக்கொள்ள வந்த மாமியார், நாய்களுக்குச் சோறு போட ஆள் வேண்டுமே என்று தங்கிவிட்டார். வயதானவரைத் தனியாக எப்படி அனுப்புவது என்று மெக்கானிக்கும் சொல்லிக்கொண்டார். இரண்டுமே சாக்கு என்று இருவருக்கும் தெரியும், இருவரும் அதைக் கிளறவில்லை. கல்யாணத்தன்று பேசியதைப் போலவே இன்றும் மாப்பிள்ளை, அத்தை என்று மரியாதை குறையாமல் பேசிக்கொண்டார்கள்.

வீட்டுக்காரர் நில அளவைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சட்டைப்பையில் பேனாவுக்குப் பதிலாக இஞ்ச் டேப் இருக்கும், அதுவே அவர் பெயராகவும் ஆகிவிட்டது. அந்தப் பின்பக்க அறையை ஆள் வைக்காமல் தன் கையாலேயே செங்கல் அடுக்கிக் கட்டியவர் அவர். ஒரு கார் வாங்கினார். காரை நிறுத்த இடம் இல்லை. வந்து அறையை மூக்கைச் சுளித்துப் பார்த்து, நாய் வாடை சுவரில் ஏறிவிட்டது, இனி இதை இடித்துவிட்டு கார் ஷெட் போடுவதுதான் நல்லது, நீங்களும் மாதக் கடைசிக்குள் வேறு இடம் பாருங்கள் என்றார். அவர் அதைச் சொன்ன அன்று அறையின் ஜன்னல் தானாகச் சாத்திக்கொண்டது. காற்று என்று எல்லாரும் நினைத்தார்கள்.

வீடு தேடுவது முதலில் ஒரு வேலையாக இருந்தது, பிறகு அதுவே வியாதியாகிவிட்டது. மெக்கானிக் பகலில் லிஃப்ட் பெட்டிகளின் கூரைமேல் உட்கார்ந்து கம்பிக்கயிற்றுக்கு கிரீஸ் போட்டபடியே போனில் வீட்டுக்காரர்களிடம் பேசினார். தண்ணீர், வெளிச்சம், எத்தனை பேர் என்று பேச்சு நன்றாகத்தான் போகும். நாய் என்ற சொல் வந்ததும் எதிர்முனை அமைதியாகிவிடும், நாலு என்றதும் கட்டாகிவிடும். ஒருவர் தன் பிள்ளைகளுக்கு நாய் முடி ஒத்துக்கொள்ளாது என்றார். பிள்ளைகள் இருவரும் வெளிநாட்டில் குடியேறிப் பல வருடம் ஆகியிருந்தது. இன்னொருவர் நாய்க்குச் சம்மதித்துவிட்டு, நேரில் போனதும் மாமியாரும் மருமகனும் மட்டுமா ஒரே வீட்டில் என்று கேட்டுக் கதவைச் சாத்தினார். ஒரு அம்மாள் நாலு நாய்களையும் மடியில் போட்டுக் கொஞ்சி, சின்ன வயதில் தான் வளர்த்த நாயை நினைத்துக் கண் கலங்கி, வீடு இல்லை என்று சொல்லி அனுப்பினார். வீட்டுத் தரகருக்கு முடிச்சிடலாம் என்று பெயர், எதைக் கேட்டாலும் அவர் அதைத்தான் சொல்வார். கெடு நெருங்கியதும் அவரே ஒரு வழி சொன்னார். "ஒண்ணை வெச்சுக்கோங்க சார். மூணை எங்கேயாவது கொண்டுபோய் விட்டுட்டு வந்துடுங்க. முடிச்சிடலாம்."

மெக்கானிக் அவர் மேல் எரிந்து விழுந்தார். ஆனால் அந்தச் சொல் காதை விட்டு இறங்கவில்லை. ஒரு சாயங்காலம் தேர்டை ஸ்கூட்டரில் முன்னால் நிற்கவைத்துக்கொண்டு ஊருக்கு வெளியே லாரிகள் நிற்கும் மைதானத்துக்குப் போனார். தேர்டுக்கு ஸ்கூட்டர் சவாரி என்றால் உயிர். இறக்கிவிட்டதும் அது எங்கேயும் ஓடவில்லை, உட்கார்ந்து அவர் அடுத்து என்ன சொல்லப்போகிறார் என்று முகத்தைப் பார்த்தது. அவர் வண்டியைக் கிளப்பினார். கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்தபோது, தன்னை உட்காரத்தான் சொல்லியிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு அது அதே இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. மெக்கானிக்குத் தன்னை நினைத்தே அவமானமாகிவிட்டது. வண்டியைத் திருப்பிக்கொண்டு போய் அதை ஏற்றிக்கொண்டு வந்தார். வாசலில் மாமியார் மற்ற மூன்று நாய்களோடு நின்றிருந்தார். தேர்டுக்கு ஒரு கிண்ணத்தில் தண்ணீரும் மாப்பிள்ளைக்கு ஒரு தம்ளரில் தண்ணீரும் கொண்டுவந்து வைத்தார். "இனிமே வீடு பார்க்கப் போறப்ப நானும் வரேன் மாப்பிள்ளை" என்றார்.

அப்படி இருவரும் போய்ப் பார்த்ததுதான் குடைக்கடை அம்மாளின் வீடு. மாடியில் அவர் குடியிருந்தார், கீழ்வீடு காலியாக இருந்தது. மடியில் குடைக்கம்பிகளைப் பரப்பி வைத்துக்கொண்டு, கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, நாய் உண்டா என்று கேட்டார். மெக்கானிக் மென்று விழுங்கினார். அதற்குள் மாமியார் முந்திக்கொண்டு, "ஒண்ணு" என்றார். குடைக்கடை அம்மாள் ஒரு கம்பியை நிமிர்த்தி முடித்தார். "ஒண்ணுன்னா பரவாயில்லை. ரெண்டுன்னா அது கூட்டம். தெரிஞ்சா அன்னிக்கே சாமானை வெளியே எடுத்து வெச்சிடுவேன்" என்றார். மெக்கானிக் நாலையும் மனசுக்குள் எண்ணிப் பார்த்தார். இருந்தாலும் சாவியை வாங்கிக்கொண்டார்.

இனி அந்தத் தவறு நடந்த விதத்தைச் சொல்ல வேண்டும். மாமியாருக்கு ஒரு பழக்கம். நாய்களை எங்கே கூட்டிப்போனாலும் வாசலில் நின்று, எல்லாரும் வாங்க, ஒருத்தரையும் விட்டுட்டுப் போகமாட்டேன் என்று உரக்கச் சொல்வார். இது மகள் சொல்லிக்கொண்டிருந்தது, மகளுக்குப் பிறகு தாய்க்கு வந்துவிட்டது. லாரியில் சாமான் ஏற்றிய அன்று நாய்கள் நாலும் பின்பக்க அறையில் கட்டிலுக்கு அடியில் போய்ப் பதுங்கிக்கொண்டன. மாமியார் அந்த அறையைப் பார்த்து நின்று வழக்கம்போல அதையே சொன்னார். யாரிடம் சொல்கிறோம் என்று குறிப்பிட்டுச் சொல்லவில்லை. அறைக்கு எப்படித் தெரியும்? இத்தனை வருடமாக அந்தக் குரலைக் கேட்டு வளர்ந்தது அது. இடிக்கப்போகிறார்கள் என்பதும் அதன் காதில் விழுந்திருந்தது. தன்னையும் சேர்த்துத்தான் கூப்பிடுகிறார்கள் என்று எடுத்துக்கொண்டு, ஒட்டியிருந்த சுவரிலிருந்து கொஞ்சம் காரை உதிர, நாய்களை உள்ளே வைத்துக்கொண்டே கிளம்பிவிட்டது.

புது வீட்டின் பின்னால் ஒரு காலி மனை இருந்தது. அறை அங்கே போய் ஒரு சுற்று சுற்றி, வாகான இடம் பார்த்து உட்கார்ந்தது. குடைக்கடை அம்மாள் மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, இந்த ரூம் யாருடையது என்று கேட்டார். உள்ளே நாய்கள் மூச்சுவிடுவது மெக்கானிக்குக் கேட்டது. "கூட வந்துடுச்சுங்க" என்றார். குடைக்கடை அம்மாள் அதை மேலும் கீழும் பார்த்தார். "அது எங்கே வேணும்னாலும் நிக்கட்டும். என் காம்பவுண்டுக்குள்ள வரக்கூடாது" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அன்றிலிருந்து நெருப்பின்மேல் நிற்பது போன்ற வாழ்க்கைதான். ஒரு நாய் வீட்டுக்குள், மூன்று நாய் அறைக்குள். ஒன்றை வெளியே நடத்திவிட்டு அறையில் விட்டு, அடுத்ததை எடுத்துக்கொண்டு வருவார் மாமியார். குடைக்கடை அம்மாளின் கணக்கில் அந்த ஒரே நாய் நாள் முழுக்கத் தெருவுக்குப் போய்வந்துகொண்டே இருந்தது. வயிறு சரியில்லையா அதுக்கு என்று மேலேயிருந்து கேட்டார். ஆமாம் என்றார் மாமியார். மறுநாள் நாய் நொண்டியது. சுளுக்கு என்றார். சற்று நேரம் கழித்து நொண்டாமல் ஓடியது. எண்ணெய் தேய்த்தேன் என்றார். குடைக்கடை அம்மாளுக்கு முழங்கால் வலி, அந்த எண்ணெய் தனக்கும் வேண்டும் என்று கிண்ணத்தோடு இறங்கி வந்தார். மாமியார் சமையல் எண்ணெயைச் சூடாக்கிக் கொடுத்தார், வலி குறைந்தும் போனது. ஆனால் சந்தேகம் குறையவில்லை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கத் தொடங்கினார். நாய்கள் குரைத்தால் அறை சட்டென்று ஜன்னலைச் சாத்திக்கொள்ளும், அதனால் வெளியே சத்தம் வராது. ஒரு நாள் அவர் குடைத்துணியில் சிவப்பாக ஒரு துண்டு வெட்டிக்கொண்டு வந்து, நாயின் கழுத்தில் தன் கையாலேயே கட்டினார். அன்று அந்த நாய் ஃபஸ்ட்டு. அதன் பிறகு ஒவ்வொரு தடவை நாயை மாற்றும்போதும் மாமியார் சுவர் மறைவில் குனிந்து, இதன் கழுத்திலிருந்து அவிழ்த்து அதன் கழுத்தில் கட்ட வேண்டியதாயிற்று. மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்டாலே மெக்கானிக்குக் கையில் இருக்கும் சோற்று உருண்டை வாய்க்குப் போகாது. பலமாடிக் கட்டடங்களில் கம்பிக்கயிற்றைப் பிடித்துத் தொங்குகிறவருக்கு அந்த வீட்டின் பன்னிரண்டு படிகள் பயமாக இருந்தன.

இதற்கிடையில் இஞ்ச் டேப் சும்மா இருக்கவில்லை. அறை போன இடத்தில் அவருடைய கார் வசதியாக நின்றது. அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் அந்த வெற்றிடத்தைப் பார்க்கப் பார்க்க அவருக்கு வயிறு எரிந்தது. காவல் நிலையத்துக்குப் போனார். அங்கே அசையும் சொத்தா அசையாச் சொத்தா என்று கேட்டார்கள், அவரால் சொல்ல முடியவில்லை. பிறகு தெருத் தெருவாக விசாரித்து, கடப்பாரையும் சம்மட்டியுமாக மூன்று ஆட்களைக் கூட்டிக்கொண்டு ஒரு காலை காலி மனைக்கு வந்து சேர்ந்தார்.

அந்தக் காலையில்தான் மாமியாரின் கை தவறிச் சிவப்புத் துணி புல்லில் விழுந்திருந்தது. செகண்டு வெறுங்கழுத்தோடு வீட்டு வாசலில் நிற்பதைக் குடைக்கடை அம்மாள் மாடியிலிருந்து பார்த்துவிட்டார். இறங்கி வந்து, துணியைத் தேடி எடுத்துக் கையில் சுற்றிக்கொண்டு, நேரே அறையின் கதவை நோக்கி நடந்தார். உள்ளே மூன்று நாய்கள். ஒரு பக்கம் இவர், மறுபக்கம் இஞ்ச் டேப் ஜன்னல் இடுக்கில் டேப்பை நீட்டி அளந்து, பத்துக்குப் பன்னிரண்டு, என் ரூம்தான், இங்கேயே இடிங்கப்பா என்று ஆட்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். மெக்கானிக் ஓடிப்போய்க் கதவை மறித்து நின்றார். சம்மட்டிக்காரர் தயங்கினார்.

"நான் கட்டினது. இடிச்சாலும் நான்தான் இடிக்கணும்" என்றார் இஞ்ச் டேப். அவர் குரல் கொஞ்சம் உடைந்துதான் இருந்தது. அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை.

குடைக்கடை அம்மாள் இருவரையும் பார்த்தார். காலையிலேயே தலைவலி தொடங்கிவிட்டது என்றார். ஒரு நாய்க்கு இரண்டு பேர் சண்டை போட்டால் என்ன செய்வார்களோ அதையே செய்யுங்கள், ஆளுக்கு ஒரு பக்கம் நின்று கூப்பிடுங்கள், யாரிடம் போகிறதோ அவருடையது, அப்புறம் என் காதில் ஒரு சத்தம் விழக்கூடாது என்றார். இஞ்ச் டேப் சம்மதித்தார். அவருக்கு நம்பிக்கை இருந்தது.

அவர் மனையின் ஓரத்தில் போய்க் குந்தி உட்கார்ந்து, இரண்டு கையையும் நீட்டிக் கூப்பிட்டார். அப்படி ஒரு கனிவு அந்த மனிதரிடம் இருக்கும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. உன்னை ஒத்தை ஆளாக நின்று கட்டினேனே, காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றி நனைத்தேனே, வா என்றார். அறை அசைந்தது. அதன் சுவர்களுக்கு அந்தக் கை நினைவிருந்தது போலும். புல்லைச் சாய்த்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக அவர் பக்கம் நகர்ந்தது. உள்ளே நாய்கள் கட்டிலுக்கு அடியில் இடம் மாறிப் புரளும் சத்தம் மெக்கானிக்குக் கேட்டது. கடப்பாரைக்காரர் கையில் எச்சில் துப்பித் தேய்த்துக்கொண்டார். பாதி தூரம் போய்விட்டது.

"கூப்பிடுங்க மாப்பிள்ளை" என்றார் மாமியார்.

"நீங்க கூப்பிடுங்க அத்தை. என்னால முடியல."

"நான் கூப்பிட்டா நாய்ங்கதான் வரும்."

மெக்கானிக் வாயைத் திறந்தார். என்ன சொல்லிக் கூப்பிடுவது? அந்த அறைக்குப் பெயர் கிடையாது. பின்பக்கம் என்பார்கள், அந்த ரூம் என்பார்கள், மாமியார் மட்டும் அவ ரூம் என்பார். அவர் இருமினார். வழக்கம்போல அடுத்த வார்த்தைக்குப் போகப் பார்த்தார், அடுத்த வார்த்தை என்று எதுவும் இல்லை. அறை இஞ்ச் டேப்பின் நீட்டிய விரல்களுக்கு முன்னால் போய்விட்டது. அப்போது மெக்கானிக் தன் மனைவியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றும்போது உள்ளே இருப்பவளைக் கூப்பிடுவாரே, அதே மாதிரி.

வாசலில் நின்ற செகண்டு ஊளையிட்டது. அறைக்குள்ளிருந்து மற்ற மூன்றும் ஊளையிட்டன. இந்த முறை அறை ஜன்னலைச் சாத்தவில்லை. நின்ற இடத்திலேயே மெதுவாகத் திரும்பியது. மின்விசிறி உள்ளே சுற்றத் தொடங்கியது. வந்த வழியைவிட வேகமாக வந்து, தன் வாசற்படி அவர் செருப்பின் நுனியில் இடிக்கும் அளவுக்கு நெருங்கி நின்றது. கதவு திறந்துகொண்டது. கிரவுண்டும் ஃபஸ்ட்டும் தேர்டும் வெளியே குதித்து அவர்மேல் ஏறின.

"நாலு! பார்த்தீங்களாம்மா, நாலு நாய்! உங்ககிட்ட ஒண்ணுன்னு பொய் சொல்லியிருக்காங்க!" என்று இஞ்ச் டேப் எழுந்து நின்று கத்தினார். அவர் கண்ணில் நீர் இருந்தது, அது எதற்கு என்று அவருக்கே தெரிந்திருக்காது.

குடைக்கடை அம்மாள் நாய்களை விரல் விட்டு எண்ணினார். பிறகு தன் மதில்சுவரைப் பார்த்தார், அறையைப் பார்த்தார். கையில் சுற்றியிருந்த சிவப்புத் துணியை மெதுவாக அவிழ்த்தார்.

"என் வீட்டுல ஒண்ணுதான் இருந்துச்சு. மீதி மூணும் அவங்க ரூம்ல இருந்திருக்கு. அது என் காம்பவுண்டுக்கு வெளியேதானே நிக்குது? நான் எதுக்கு அதைக் கேக்கணும்?" என்றார். "நீங்க உங்க ஆளுங்களைக் கூட்டிக்கிட்டுக் கிளம்புங்க." துணியை மாமியார் கையில் கொடுத்து, இனிமேல் இதை எதில் வேண்டுமானாலும் கட்டிக்கொள்ளச் சொன்னார். மாமியார் அதை அறையின் ஜன்னல் கம்பியில் கட்டினார்.

மெக்கானிக் உள்ளே போனார். கட்டிலில் உட்கார்ந்தார். சலைன் பாட்டில் தொங்கிய ஆணி அதே இடத்தில் இருந்தது. அந்த ஆணியைப் பார்த்துக்கொண்டே, அவள் இறந்த அன்று அழாததையும் சேர்த்து அழுதார். நாய்கள் கட்டிலுக்கு அடியில் அதனதன் இடத்தில் படுத்துக்கொண்டன. மாமியார் கதவைச் சாத்தவில்லை, உள்ளே வரவும் இல்லை. சாப்பாட்டு நேரம் வந்ததும் தட்டை மட்டும் படியில் வைத்துவிட்டுப் போனார்.

அந்த வீட்டில் பல வருடங்கள் இருந்தார்கள். ஃபஸ்ட்டு ஒரு மழைக்காலத்தில் போனது, செகண்டு அதற்கடுத்த கோடையில். இஞ்ச் டேப் எப்போதாவது வந்து, அறையின் சுவரைத் தட்டிப் பார்த்து, விரிசல் ஏதாவது இருந்தால் சிமெண்ட் பூசிவிட்டுப் போவார். குடைக்கடை அம்மாள் காலமானதும் அவர் வாரிசுகள் வீட்டை விற்றார்கள். மெக்கானிக்கும் மாமியாரும் மறுபடி வீடு தேடினார்கள். முடிச்சிடலாம் இப்போது காது மந்தமாகி, அதே சொல்லை இன்னும் உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் காட்டிய வீட்டின் உரிமையாளர் வாசல் கேட்டின்மேல் கையை ஊன்றிக்கொண்டு, நாய் இருக்கா என்று கேட்டார். மாமியார் இந்த முறை பொய் சொல்லவில்லை.

"ரெண்டு நாய் இருக்குங்க. ரெண்டுக்கும் வயசாயிடுச்சு. அப்புறம் ஒரு ரூம் கூட வரும். வெளியே நின்னுக்கும்" என்றார்.

தெருவில் லாரி நின்றிருந்தது. அதன் பின்னால், ஜன்னல் கம்பியில் வெளுத்துப்போன சிவப்புத் துணியோடு அறை காத்துக்கொண்டிருந்தது. வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். மழையில் ஒழுகுமா என்று கேட்டார்.

"ஒழுகாதுங்க. இடி இடிச்சா மட்டும் கொஞ்சம் பயப்படும். சுவரோட வந்து ஒட்டிக்கும்" என்றார் மெக்கானிக்.

அது எல்லாருக்கும் உள்ளதுதானே என்று சொல்லிக்கொண்டே வீட்டுக்காரர் சாவியை எடுக்க உள்ளே போனார்.